மருந்தின் பெயரே வராத நோய் விழிப்புணர்வு விளம்பரத்துக்கு மருந்து நிறுவனம் ஏன் பணம் கொடுக்கிறது?

நோயின் அறிகுறிகளைச் சொல்லி "மருத்துவரைக் கேளுங்கள்" என்று முடியும்; கடைசி நொடிகளில் ஒரு நிறுவனச் சின்னம் வரும். தொலைக்காட்சியில் வரும் நோய் விழிப்புணர்வு விளம்பரம் இதுதான்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. மருத்துவர் சீட்டில் மட்டும் கிடைக்கும் மருந்தைப் பெயர் சொல்லிப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய, அமெரிக்கா, நியூசிலாந்து தவிர அநேகமாக எங்கும் அனுமதியில்லை. நோயைப் பற்றிப் பேசலாம். அமெரிக்காவிலும் இவ்வகை விளம்பரம் உண்டு: மருந்தின் பெயரோடு பயனைச் சொன்னால் முக்கியப் பக்கவிளைவுகளையும் சொல்லியாக வேண்டும், நோயை மட்டும் சொன்னால் அந்தக் கட்டாயம் இல்லை.

ஊரின் ஒரே குடைக்கடைக்காரர் "மழை வரப்போகிறது" என்று அறிவிப்பது போலத்தான். கடைப்பெயர் தேவையே இல்லை. அந்த நோய்க்குப் பல நிறுவன மருந்துகள் இருந்தால் லாபம் சிதறிவிடும். அதனால் போட்டி குறைவாக இருக்கும், புது மருந்து வரும் சமயத்தில்தான் இந்த விளம்பரங்கள் அதிகம் தலைகாட்டும்.

சோர்வு, தூக்கமின்மை என்று யாருக்கும் பொருந்தும் அறிகுறிகளை மட்டும் அடுக்கினால் எச்சரிக்கையாக இருங்கள். எத்தனை நாள் நீடித்தால் கவலைப்பட வேண்டும், யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை நல்ல விளம்பரம் சொல்லும்.

நிறுவனப் பணம் என்றாலே தகவல் பொய் என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லப்படுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், விடுபட்டுப்போவது விலை குறைந்த பழைய மருந்துகளும் மருந்தில்லாத வழிகளும்தான்.