கருமணல் கரையிலிருந்து கதிர்வீச்சு பற்றிச் சில கேள்விகள்

முட்டம் முதல் நீரோடி வரையிலான கடற்கரை ஊர்களிலிருந்தும், மார்த்தாண்டம், களியக்காவிளை, செங்கோட்டை ஆகிய இடங்களிலிருந்தும் கதிர்வீச்சு குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் அளிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அவற்றுள் ஆறு கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

எங்கள் வீடு மணவாளக்குறிச்சியை அடுத்த கடற்கரையில் இருக்கிறது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து ஓய்ந்த பின் கரை முழுவதும் கருமணல் படிந்து கிடக்கும். அதன் மேல்தான் என் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கதிர்வீச்சு உடம்பை உண்மையில் என்ன செய்கிறது? நாங்கள் ஊரை விட்டுப் போய்விட வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் மறுமொழி சொல்லிவிடுகிறேன், அம்மா. ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கறுப்பாகத் தெரிவது இல்மனைட். சிவப்புப் பொடி கார்னெட். இடையிடையே தேன் நிறத்தில் மின்னும் சிறு மணிகள்தாம் மோனசைட். கதிர் வருவது பெரும்பாலும் அந்தத் தேன் நிற மணிகளிலிருந்துதான், ஏனெனில் அவற்றின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. சாதாரண மணலை விட ஏறத்தாழ இரு மடங்கு அடர்த்தி உடையது என்பதால், அலை வெண்மணலை வாரிக்கொண்டு போனாலும் மோனசைட் கரையிலேயே தங்கிவிடுகிறது. திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்தில், 1909ஆம் ஆண்டில், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டுதான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்தக் கனிமம் மணவாளக்குறிச்சியில் கிடைப்பதை அறிந்தார். அன்று அதற்கு இருந்த பெரிய தேவை, வாயு விளக்குகளில் ஒளிரும் வலைத் திரியைச் செய்வதற்கான தோரியம்.

இனி உடம்புக்கு வருவோம். கதிர் என்பது மிகுந்த ஆற்றலோடு பாயும் ஒளி அல்லது நுண்துகள். அது உயிரணுவுக்குள் புகும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டி எறிகிறது. நம் உடம்பில் பெரும்பகுதி நீர் என்பதால் அடி முதலில் விழுவது பெரும்பாலும் நீர் மூலக்கூறுகளின் மேல்தான். அவை உடைந்து, அருகில் எது கிடைத்தாலும் தாக்கக்கூடிய வேதித்துண்டுகளாக மாறி, பக்கத்தில் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுக்கின்றன. முறுக்கிய கயிற்றில் ஒரு புரி மட்டும் அறுந்தால் மற்றப் புரியைப் பார்த்து உயிரணு அதைச் சரியாக ஒட்டிவிடும். நாம் உண்பதாலும் மூச்சுவிடுவதாலும் ஏற்படும் இத்தகைய சேதங்களை அது நாள்தோறும் ஆயிரக்கணக்கில் சரிசெய்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். அப்போது உயிரணு சரியாக ஒட்டி மீளலாம், ஒட்ட முடியாமல் மடியலாம், அல்லது தவறாக ஒட்டி உயிர் பிழைத்துக்கொள்ளலாம். மிகப் பல உயிரணுக்கள் ஒரே நேரத்தில் மடிந்தால் அது உடனடி நோய். தவறாக ஒட்டிய ஒன்று பல ஆண்டுகள் கழித்துக் கட்டுப்பாடின்றிப் பெருகினால் அது புற்றுநோய்.

எனவே எவ்வளவு கதிர், எவ்வளவு நேரத்தில், உடம்பின் எந்தப் பகுதியில் என்ற மூன்றையும் கேட்காமல் "கதிர் பட்டது" என்று மட்டும் சொல்வதில் பொருள் இல்லை. உடல் வாங்கிக்கொண்ட ஆற்றலைக் கிரே என்ற அலகிலும், அதனால் நேரக்கூடிய கெடுதியைச் சீவர்ட் என்ற அலகிலும் அளக்கிறோம். ஒரு கிரே ஒரே வீச்சில் பட்டால் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ 40 இரட்டை முறிவுகள் உண்டாகும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிகிரே, மட்டும் பட்டால் இருபத்தைந்து உயிரணுக்களுக்கு ஒன்றில்தான் ஒரு முறிவு. அதுவும் ஓராண்டு முழுவதும் பரவி வந்தால், ஒன்றைச் செப்பனிட்டு முடித்த பிறகுதான் உடம்பு அடுத்ததைச் சந்திக்கிறது.

உலகில் மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து மட்டும் பெறும் அளவு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். நம் கடற்கரையின் தொடர்ச்சியாகக் கேரளத்தில் இருக்கும் கருநாகப்பள்ளிப் பகுதியில், வீட்டுக்கு வெளியே மண்ணிலிருந்து வரும் கதிர் மட்டுமே ஆண்டுக்கு 4 மில்லிகிரே அளவிலும், சில இடங்களில் 70 வரையும் பதிவாகியிருக்கிறது. அங்கே வாழும் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. அதில் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஆனால் மிகுந்த கதிர் பெற்றவர்களிடையே நோய் கூடுதலாக இருக்கவில்லை. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளை அக்கடற்கரையில் ஆராய்ந்தபோதும் பிறவிக் குறைபாடுகள் மிகுதியாகக் காணப்படவில்லை. மெதுவாக வரும் கதிரை உடம்பு தாங்கும் திறன் பற்றி நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த சான்றுகளுள் இவை அடங்கும்.

இதனால் உங்கள் ஊர் மக்களின் அச்சம் வீண் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஒரே தெருவில் மூன்று வீட்டில் புற்றுநோய் என்று கேட்கும்போது எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். வீட்டுக்கு வீடு கதிர் அளவு எடுக்கப்பட வேண்டும், அந்த எண் அந்த வீட்டாருக்கே சொல்லப்பட வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அதை விடாமல் கேளுங்கள். அதோடு கருமணலை முற்றத்தில் குவித்து வைக்காதீர்கள். வீடு கட்டவும் தளம் நிரப்பவும் பயன்படுத்தாதீர்கள். பிள்ளைகள் உண்ணும் முன் கையையும் நகக்கண்ணையும் நன்றாகக் கழுவட்டும். மணல் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் தூசியை உள்ளிழுக்காமல் முகக்கவசம் அணிவதும், வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதும் மிகவும் தேவையானவை, ஏனெனில் தோரியம் வெளியே இருப்பதை விட நுரையீரலுக்குள் போய்த் தங்குவதுதான் கெடுதி.

செர்னோபிலில் சிலர் சில வாரங்களிலேயே இறந்தார்கள் என்று படித்தேன். ஒரே நாளில் சாகாமல் ஏன் வாரக்கணக்கில் ஆனது? (கல்லூரி மாணவர், குழித்துறை)

மிக நல்ல கேள்வி. 1986 ஏப்ரல் 26 அன்று, அன்றைய சோவியத் ஒன்றியத்தில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்தில், தீயணைப்பு வீரர்களும் நிலையப் பணியாளர்களுமாக 134 பேருக்குக் கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதி செய்யப்பட்டது. அவர்களுள் 28 பேர் அடுத்த சில மாதங்களுக்குள் இறந்தார்கள்.

நாஞ்சில் நாட்டு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நடவு முடிந்த வயல் பச்சையாக நிற்கிறது; ஆனால் நாற்றங்கால் எரிந்துவிட்டது. அன்றைக்கு எதுவும் தெரியாது, அடுத்த நடவுக்கு நாற்று இல்லாதபோதுதான் தெரியும். கதிர் முதலில் அழிப்பது விரைந்து பிரியும் உயிரணுக்களை, அதாவது உடம்பின் நாற்றங்கால்களான இரத்த அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையையும், குடலின் உட்சுவரையும், மயிர்க்கால்களையும். இரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பணுக்களுக்கு ஏறத்தாழ 120 நாள் ஆயுள் உண்டு. இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்களுக்குப் பத்து நாள் அளவில்தான். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைவிடவும் குறைவு. ஆகவே முதல் சில மணி நேரத்தில் வாந்தியும் சோர்வும் வந்து, பிறகு நோயாளி தேறிவிட்டார் என்று குடும்பத்தார் நம்பும்படி சில நாள்களோ வாரங்களோ கழிந்து, அதன் பின்னர் இருப்பில் உள்ள அணுக்கள் தீர்ந்ததும் காய்ச்சலும், ஈறில் இரத்தக் கசிவும், முடி உதிர்தலும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இடையில் வரும் அந்த அமைதிதான் இந்த நோயின் மிகக் கொடிய பகுதி என்று நான் எப்போதும் எண்ணுவதுண்டு.

உடல் முழுவதும் ஒரே வீச்சில் ஒரு கிரே அளவு பட்டால் வாந்தி வரலாம், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். நான்கு கிரே அளவை எட்டினால், மருத்துவம் இல்லாத நிலையில் பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். பத்து கிரேயைத் தாண்டினால் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் குடற்சுவர் புதுப்பிக்கப்படாமல் போய், மஜ்ஜை தீருமுன்பே உயிர் போய்விடும். செர்னோபிலின் இன்னொரு துயரம் மெதுவாக வெளிப்பட்டது. கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அங்கே புற்றுநோயாகத் தலைகாட்டியது. அந்த அயோடின் எட்டு நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும் என்பதால், தொடக்கத்தில் சில வாரங்கள் பாலைத் தடுத்திருந்தாலே அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் தொண்டையில் கரண்ட் வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம் என்று உறவினர் சொல்கிறார்கள். தட்டு, டம்ளர்கூடத் தனியாக வைத்திருக்கிறோம். (வாசகி, களியக்காவிளை)

தட்டையும் டம்ளரையும் இன்றே ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். வெளியிலிருந்து இயந்திரத்தால் பாய்ச்சும் கதிர், விளக்கை அணைத்ததும் போகும் வெளிச்சத்தைப் போல அந்த அறையிலேயே முடிந்துவிடுகிறது. அவர் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. பிள்ளைகள் அவர் மடியில் தாராளமாக உட்காரலாம். பெயரில் கரண்ட் இருந்தாலும் அதில் மின்சாரமும் பாய்வதில்லை. இதே கதிரை நாள்தோறும் 2 கிரே வீதம், கட்டி இருக்கும் இடத்தில் மட்டும், வாரத்தில் ஐந்து நாளாகப் பிரித்து ஆறு அல்லது ஏழு வாரம் கொடுப்பதன் காரணம், இடைவேளையில் நல்ல உயிரணுக்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும், புற்று அணுக்களால் அந்த அளவுக்கு முடியாது என்பதுதான். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாய்ப்புண் வரும், உமிழ்நீர் வற்றும், கழுத்துத் தோல் கறுக்கும். அதைக் கண்டு பயந்து நடுவில் நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடினை விழுங்கக் கொடுத்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது சில நாள் குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் விலகியிருக்கச் சொல்வார்கள். அதைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

கருவுற்றிருப்பது தெரியாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். கருவைக் கலைத்துவிடுவதே நல்லது என்று ஒருவர் சொன்னார். (வாசகி, மார்த்தாண்டம்)

கலைக்க வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேயின் போது வயிற்றில் இருக்கும் கருவுக்குப் போய்ச் சேரும் அளவு ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கருவுக்குக் குறைபாடு நேரலாம் என்று கவலைப்படத் தொடங்கும் அளவு 100 மில்லிகிரே. இரண்டுக்கும் இடையில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கும்போது, விரும்பிச் சுமக்கும் ஒரு பிள்ளையை இழக்கச் சொன்னவர் யாராக இருந்தாலும் அது பெரும் தவறு. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்த தேதியைச் சொல்லிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

வயிற்று சி.டி. ஸ்கேன் மட்டும் வேறு கணக்கு. ஒரு ஸ்கேனுக்கு, எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கே 8 முதல் 10 மில்லிசீவர்ட் ஆகும், அதாவது மூன்று நான்கு ஆண்டுகளின் இயற்கைக் கதிர் ஒரே நாளில். தேவைப்படும்போது அது உயிரைக் காக்கும் கருவி. ஆனால் ஒரு மருத்துவமனையில் எடுத்த படத்தை ஏற்காமல் அடுத்த இடத்தில் மறுபடி எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இத்தகைய கதிர் இல்லை.

செல்போன் கோபுரம் எங்கள் மாடிக்கு எதிரே இருக்கிறது. அதுவும் கதிர்வீச்சுதானே? (வாசகர், குளச்சல்)

பெயர் ஒன்று, தன்மை வேறு. கோபுரத்திலிருந்து வரும் அலைக்கு எலக்ட்ரானைத் தட்டி எறியும் ஆற்றல் கிடையாது. மேலே சொன்ன இழை முறிவு அதனால் நேர்வதில்லை.

செங்கோட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். எல்லைக்கு அப்பாலிருந்தும் சரக்கு வருகிறது. கதிர் உள்ள பொருள் வந்தால் எப்படி அறிவது? (வாசகர்)

உங்கள் தொழிலில் இருப்பவர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி. 2010இல் டெல்லி மாயாபுரியில், ஒரு கல்வி நிறுவனம் ஏலத்தில் விற்ற பழைய ஆய்வுக் கருவியைப் பழைய இரும்புக் கடையில் பிரித்தபோது உள்ளே கோபால்ட்-60 என்ற கதிர் வீசும் உலோகம் இருந்தது. அதனால் பலர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். 1987இல் பிரேசிலின் கொயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து எடுத்த கதிர் வீசும் சீசியம் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்வதைக் கண்டு வியந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் உறவினருக்குப் பகிர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களுள் ஒருத்தி, அந்தத் தூள் படிந்த கையோடு உணவு உண்ட ஆறு வயதுச் சிறுமி.

கதிருக்கு நிறம், மணம், சூடு எதுவும் இல்லை. ஆகவே கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்களையே நம்ப வேண்டும். மஞ்சள் நிறத்தின் மேல் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி மூன்று விசிறி இதழ்களும் உள்ள முத்திரை இருந்தாலும், அளவுக்குப் பொருந்தாத கனத்தில் ஈயத்தால் மூடிய உருளையோ பெட்டியோ வந்தாலும், அதை வெட்டவோ உருக்கவோ கூடாது. விலகி நின்று, ஆட்களையும் விலக்கி, காவல் துறைக்குச் சொல்லுங்கள். சிறு பொருளிலிருந்து வரும் கதிர், ஒரு மீட்டரில் நிற்பவருக்குப் படுவதில் நூறில் ஒரு பங்குதான் பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் படும். கையாண்டவர் எவருக்காவது வாந்தி வந்தாலோ, உள்ளங்கை சிவந்து கொப்புளித்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சிவப்பு தீக்காயத்தைப் போல உடனே தெரியாமல் நாள்கள் கழித்தும் தெரியலாம் என்பதால், அந்தப் பொருளைத் தொட்ட தேதியையும் எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தார் என்பதையும் மறக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும்.