பத்து எழுத்துகளைப் பார்க்கப் போனேன்

கேள்வி: பல வருடங்களாகப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு தொல்லியல் களத்துக்குப் போயிருக்கிறீர்களா? நினைத்தபடி இருந்ததா?

போயிருக்கிறேன். நினைத்தபடி இல்லை, அதனால்தான் இந்தப் பதில்.

இடம் தோலாவிரா. குஜராத்தின் கட்ச் பகுதியில், உப்புப் பாலைக்கு நடுவே தீவு மாதிரி நிற்கும் காதிர் என்ற மேட்டுநிலத்தில் இருக்கும் சிந்துவெளி நகரம். எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம், பள்ளி நாட்களில் ஒரு பத்திரிகையில் பார்த்த படம். மண்ணில் வரிசையாகப் பத்துக் குறிகள். சிந்துவெளி எழுத்து என்றாலே தபால்தலை அளவு முத்திரைகள்தான் நம் நினைவுக்கு வரும். இங்கே ஒவ்வொரு குறியும் சுமார் 37 சென்டிமீட்டர் உயரம். வெள்ளை ஜிப்சம் துண்டுகளை மரப்பலகையில் பதித்துச் செய்தது. கோட்டையின் வடக்கு வாசலில் மாட்டியிருந்திருக்கலாம் என்கிறார்கள். பலகை விழுந்து மரம் மக்கிப்போக, துண்டுகள் மட்டும் வரிசை கலையாமல் அப்படியே கிடந்திருக்கின்றன. 1990களில் தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் நடந்த அகழாய்வில் கிடைத்தது.

அந்தப் பத்தில் நான்கு, ஆரக்கால் வைத்த சக்கரம் போன்ற ஒரே குறி. அது என்னவாக இருக்கும் என்று யோசித்தே நான் வீணடித்த நோட்டுகள் ஏராளம். சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட குறியீட்டுத் தொகுப்பை நூலகத்தில் உட்கார்ந்து புரட்டியிருக்கிறேன், பாதி புரியாமலே. (இந்த எழுத்தைப் படித்துவிட்டேன் என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. ஆளுக்கொரு வாசிப்பு. எல்லோரும் ஒப்புக்கொண்ட வாசிப்பு இதுவரை ஒன்றுகூட இல்லை.)

சரி, பயணம். பூஜ் நகரத்தில் தங்கி, காவ்டா வழியாகக் காலையில் கிளம்பினோம். கடைசிப் பகுதியில் சாலை உப்புவெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் வெள்ளை, எது வானம் எது தரை என்று கண் தடுமாறும்.

அகழாய்வில் கூலி வேலை பார்த்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சுற்றிக்காட்ட வந்தார். என் அரைகுறை இந்தியில் நான் கேட்ட முதல் கேள்வியே, "காகா (பெரியவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அந்தப் பலகை எங்கே?" வடக்கு வாசலுக்குக் கூட்டிப்போனார். ஒரு பக்க அறையைக் காட்டி, "இங்கேதான் இருந்தது. பத்திரமாக மூடி வைத்திருக்கிறார்கள், பார்க்க முடியாது" என்றார். அவ்வளவுதான். இருபது வருட ஆசை, ஒரு நிமிடத்தில் முடிந்தது. கோபம்கூட வரவில்லை. பசியோடு போய் நின்ற பந்தியில் இலையை மடித்துவிட்ட மாதிரி ஒரு உணர்வு.

பேசாமல் அவர் பின்னால் நடந்தேன். கிழக்குப் பக்கம் போனதும் தரை திடீரென்று காணாமல் போனது. கீழே ஒரு பெரிய நீர்த்தேக்கம். 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், மூலையில் அடிவரைக்கும் இறங்கும் கல் படிக்கட்டு. மொகஞ்சதாரோவின் புகழ்பெற்ற பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளம்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், வரைபடம்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் விளிம்பில் நின்று குனிந்து பார்க்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

இது ஒன்று மட்டுமில்லை. மதிலை ஒட்டிச் சுற்றிலும் தொட்டிகள். தெற்கே சிலவற்றைப் பாறையையே குடைந்து செய்திருக்கிறார்கள். வற்றாத ஆறு ஒன்றும் அங்கே கிடையாது. வடக்கே மான்சர், தெற்கே மன்ஹர் என்று இரண்டு ஓடைகள், மழை பெய்தால் மட்டும் ஓடும். அவற்றின் குறுக்கே அணை போட்டு, நிலத்தின் சரிவைப் பார்த்து ஒவ்வொரு தொட்டியாக நிரப்பியிருக்கிறார்கள். கோட்டைக்குள் விழும் மழையைக் கொண்டுபோகத் தனியே கல் வடிகால்கள் வேறு. மற்ற சிந்துவெளி நகரங்களில் செங்கல்லையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஊரின் கல் வேலை ரொம்பப் புதிது.

அப்புறம் கோட்டைக்குள் ஒரு கிணறு. அதன் விளிம்புக் கல்லில் காகா விரலை வைத்துக் காட்டினார். கயிறு உரசி உரசி விழுந்த தடம். எத்தனை கை இழுத்தால் கல் அப்படித் தேயும்! அந்தப் பத்துக் குறிகளைச் செய்து மாட்டியவர் யாரோ பெரிய மனிதராக இருந்திருப்பார். இந்தத் தடத்தைப் போட்டவர்கள், குடம் நிறைந்தால் போதும் என்று இழுத்துவிட்டுப் போனவர்கள். அவர்களைப் பற்றி நான் நோட்டில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். களத்தில் நிழல் கிடையாது, வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடுவது நல்லது. வாசலருகே உள்ள அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். நான் அவசரத்தில் கடைசிக்கு ஒதுக்கி, அரைகுறையாகப் பார்த்தேன். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம்தான், ஆனால் நான் போன அன்று எங்களைத் தவிர ஒரே ஒரு குடும்பம்தான் இருந்தது.

கிளம்பும்போது பலகையைப் பற்றி மறுபடி கேட்கத் தோன்றவில்லை. "இப்போது மழை பெய்தால் இந்தத் தொட்டிகளில் தண்ணீர் நிற்குமா, காகா?" என்றுதான் கேட்டேன்.

"நல்ல மழை பெய்தால் நிற்கும்" என்றார். "ஆகஸ்டில் வந்து பார்."