‘சேமி’யை அழுத்தவும்: கையேட்டுக்கு எந்தக் குறியீடு?

அன்புள்ள ஐயா,

கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். நாலு பேர்தான். கையேடு வேர்டு கோப்பாக இருக்கிறது. யார் எதைத் திருத்தினார்கள் என்றே தெரிவதில்லை. வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றி நிரலோடு கிட்டில் (யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவி) வைக்கப் போகிறோம். வெறும் எழுத்திலேயே தலைப்பு, தடித்த எழுத்து எல்லாவற்றையும் குறிகளால் காட்டும் முறைகளில் மார்க்டவுனா, ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டா என்பதில்தான் இழுபறி. கையேடு தமிழில். எதை எடுக்கலாம்?

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

மார்க்டவுனை எடுங்கள்.

ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் மட்டமானது என்று சொல்லவில்லை. பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்கள் அதில்தான் இருக்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் ஆவணங்களும் 2016இல் அதற்கு மாறத் தொடங்கின. குறுக்குக் குறிப்பு, எச்சரிக்கைப் பெட்டி எல்லாம் அதில் கூடவே வரும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலக் கையேடு என்றால் அதையே சொல்லியிருப்பேன்.

ஆனால் தமிழில் உருபு சொல்லோடு ஒட்டி வரும். ‘சேமி’யைத் தடித்த எழுத்தில் காட்ட **சேமி**யை அழுத்தவும் என்று எழுதுவோம். ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் மூடும் குறிக்கு அடுத்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ வேண்டும். அதனால் **சேமி**\ யை என்று ஒரு சாய்கோட்டையும் இடைவெளியையும் செருக வேண்டும். வரிக்கு வரி இதைச் செய்ய யாருக்குப் பொறுமை? மார்க்டவுனில் முதல் வடிவமே சரியாக வேலை செய்யும்.

ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டின் தலைப்பிலும் எனக்கு அடி விழுந்திருக்கிறது. அதில் தலைப்புக்குக் கீழே அதன் நீளத்துக்குக் குறையாமல் கோடு போட வேண்டும். ‘நிறுவுதல்’ என்று எழுதி, ஐந்து எழுத்துதானே என்று கீழே ஐந்து சமக்குறி போட்டேன். கோடு குட்டை என்று எச்சரிக்கை வந்தது. யூனிகோடில் அந்தச் சொல் ஒன்பது குறிகள். புள்ளியை மட்டும் தள்ளிவிட்டு, உயிர்க்குறிகளையும் சேர்த்து எட்டு என்று அது எண்ணுகிறது. ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. மார்க்டவுனில் முன்னால் ஒரு # போட்டு இடைவெளி விட்டால் தலைப்பு ஆகிவிடும்.

அங்கேயும் சில இடறல்கள் உண்டு. அடிக்கோட்டுக்குறியால் _சேமி_யை என்று எழுதினால் எடுபடாது. நட்சத்திரம்தான் போட வேண்டும். **"சேமி"**யை என்று மேற்கோளை நட்சத்திரங்களுக்கு உள்ளே வைத்தாலும் மூடாது. அப்புறம், கடை கடையாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவர்கள்தான் கையேட்டை அதிகம் திருத்துவார்கள். அவர்களுக்கு வாட்ஸப் பழக்கம், தடித்த எழுத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போடுவார்கள். மார்க்டவுனில் அது சாய்வெழுத்து. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் பார்க்க நன்றாகவே இருக்காது. ஆகவே ‘இரட்டை நட்சத்திரம் மட்டும், சாய்வெழுத்து கிடையாது’ என்று கோப்புறையின் முதல் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

எந்த மார்க்டவுன் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். மார்க்டவுனை உருவாக்கிய ஜான் க்ரூபர் அதை 2004இல் வெளியிட்டபோது பல இடங்களில் விதி தெளிவாக இல்லை. ஆளுக்கொரு கிளை முளைத்தது. 2014இல் வந்த காமன்மார்க் என்ற வரையறை விதிகளைத் திட்டமாக்கியது, ஆனால் அதில் அட்டவணை இல்லை. ஜிஎஸ்டி விகிதங்களை அட்டவணையாகக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் அட்டவணையையும் சேர்த்த கிட்ஹப் தளத்தின் மார்க்டவுன் வகை உங்களுக்குச் சரிவரும்.

முழுக் கையேட்டையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். பில்லை ரத்து செய்யும் பக்கத்தை மட்டும் மாற்றி, நிரல் எழுதத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஒரு வரியைத் திருத்தச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறினார் என்று எனக்கும் எழுதுங்கள்.