காலி இடம் இருந்தும் ஏற்க மறுக்கும் மெமரி கார்டு

கேள்வி: என்னிடம் உள்ள 32 ஜிபி மெமரி கார்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. ஆனாலும் 5 ஜிபி அளவுள்ள ஒரு வீடியோவைக் கணினியிலிருந்து நகலெடுக்க முயன்றால், கோப்பு மிகப் பெரியது என்ற செய்தி வருகிறது. சிறிய கோப்புகள் சிக்கலின்றிப் பதிவாகின்றன. கார்டு பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கவலைப்படாதீர்கள். 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி (SDHC) வகைக் கார்டுகள் வழக்கமாக, கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபேட்32 (FAT32) என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. அம்முறையில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் பைட் கணக்கில் குறித்துவைக்க 32 பிட் இடமே ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. எனவே 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவான கோப்பு வரை ஏற்கும். அதைத் தாண்டினால், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் மறுத்துவிடும்.

எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற வேறொரு முறையில் மீண்டும் ஃபார்மட் செய்தால் இந்த வரம்பு நீங்கும். ஆனால் ஃபார்மட் செய்தால் கார்டில் உள்ளவை அனைத்தும் போய்விடும் என்பதால், முதலில் எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்து, அவற்றில் சிலவற்றைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். பிறகு விண்டோஸில் கார்டுக்குரிய டிரைவின் மீது வலது கிளிக் செய்து, ஃபார்மட் என்பதில் எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுங்கள். டிரைவின் எழுத்தையும் கொள்ளளவையும் இருமுறை சரிபாருங்கள். பக்கத்திலுள்ள பென் டிரைவைத் தவறுதலாக அழித்துவிட்டு வருந்துபவர்கள் பலர்.

அந்தக் கார்டைப் பழைய கேமராவிலோ பிளேயரிலோ பயன்படுத்துவதாக இருந்தால் இம்மாற்றம் வேண்டாம். எக்ஸ்ஃபேட்டை அறியாத கருவி, கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கும். சம்மதித்தால் வீடியோவும் போய்விடும். அத்தகைய நிலையில், வீடியோ எடிட்டிங் மென்பொருளைக் கொண்டு அதை இரு பகுதிகளாக வெட்டிக்கொள்வதே நல்லது.

கேள்வி: புதிதாக வாங்கிய கார்டில் நகலெடுத்த படங்கள் சில, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. சில திறக்கவே இல்லை. ஏன்?

பதில்: இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். நகலெடுத்து முடிந்ததாகத் திரையில் காட்டிய பிறகும், கணினி தன் நினைவகத்தில் வைத்துள்ள மீதித் தரவைக் கார்டில் எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது கார்டை உருவினால் கோப்பு அரைகுறையாகவே நிற்கும். எனவே கணினியில் கார்டுக்குரிய டிரைவின் மீது வலது கிளிக் செய்து எஜெக்ட் (Eject) கொடுத்த பிறகே கார்டை எடுங்கள்.

அப்படிச் செய்தும் சிக்கல் தொடர்ந்தால், அது போலிக் கார்டாக இருக்கலாம். உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 128 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் கார்டுகள் உண்டு. உண்மையான கொள்ளளவு நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன் பிறகு எழுதப்படுபவை எச்சரிக்கை ஏதுமின்றித் தொலைந்துபோகும், சில வேளைகளில் முன்பு பதிந்தவற்றையும் அழித்துவிடும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள், காலிக் கார்டு முழுவதும் தரவை எழுதி, அதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுக் காட்டும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகலாம் என்றாலும், முக்கியமான படங்களை ஒப்படைக்கும் முன் இதை அவசியம் செய்துவிடுங்கள். சோதனையில் தேறாத கார்டை ஃபார்மட் செய்து பயனில்லை. வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.