பண்ணைக் கேள்வி பதில்: கொட்டகை கழுவிய தண்ணீர் வயலுக்கு ஆகுமா?

சென்னையைச் சுற்றிக் கிணறுகள் இறங்கத் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்கள் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். மாதவரத்தில் மாடும் தீவனப்புல்லுமாகவே உத்தியோகக் காலத்தைக் கழித்தவன் என்பதால், மாட்டுத் தண்ணீர்க் கேள்விகளை எல்லாம் ஆசிரியர் என்னிடமே தள்ளிவிடுகிறார். இந்த முறை அவை மட்டுமே.

கேள்வி: மீஞ்சூர் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் நெல் வயலும் பன்னிரண்டு கறவை மாடுகளும் இருக்கின்றன. கொட்டகை கழுவும் தண்ணீர் நாளைக்குச் சுமார் 1,000 லிட்டர் வருகிறது. நவரைப் பட்டத்தில் அதை அப்படியே நெல்லுக்குத் திருப்பிவிட்டோம். வழக்கம்போல யூரியாவும் போட்டோம். பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று வந்தது. கதிர் முற்றும்போது பாதி வயல் சாய்ந்துவிட்டது. கிணற்று நீரைப் பரிசோதித்ததில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 1.8 என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தண்ணீர் நெல்லுக்கு ஆகாதா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: தண்ணீர் மீது பழி போடாதீர்கள் அம்மா. ஒரே இலையில் இரண்டு பந்திச் சோற்றைப் பரிமாறியிருக்கிறீர்கள். கோமியத்தில் இருக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி யூரியாதான். கடையில் மூட்டையாக வாங்கியதும் அதுவேதான். தழைச்சத்து மிஞ்சினால் தண்டு நீண்டு வலுவிழக்கும், கதிரின் பாரம் தாங்காது. புகையான் பூச்சியும் குலைநோயும் தேடி வருவதும் அந்தக் கரும்பச்சை வயலைத்தான். பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் நின்று மெச்சியிருப்பார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த பட்டத்தில், பச்சை நிறங்களை எண் போட்டு வரிசைப்படுத்திய இலை வண்ண அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக விரிந்த மேல் இலையை உங்கள் உடல் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னி என்றால் அட்டையில் எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே இறங்கினால்தான் பயிருக்குப் பசி. அதுவரை யூரியாவும் வேண்டாம், கொட்டகைத் தண்ணீரும் வேண்டாம். அட்டையைப் பிடிக்கும் முறை புரியாவிட்டால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் காட்டிக் கொடுப்பார்கள்.

இதைப் பாசனம் என்று நினைப்பதே முதல் கோணல். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். உங்கள் கொட்டகை அதைத் தர இருநூறு நாள் ஆகும். ஆகவே உங்களிடம் இருப்பது தண்ணீரில் கரைந்த உரம். உரத்தை எப்போது, எவ்வளவு என்று பார்த்துத்தானே போடுவோம்? மாடு ஞாயிற்றுக்கிழமையும் சாணி போடும். பயிரோ தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும்தான் அதிகம் கேட்கும். இடைப்பட்ட நாள்களில் வரும் தண்ணீரை எங்கே நிறுத்துவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. பதில், தொட்டி. ஐப்பசி பிறப்பதற்குள் அது காலியாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி வழிந்தால் ஊர் முழுக்க உங்கள் உரம்தான்.

இரண்டாவது, உப்பு. மீஞ்சூரில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடலை உள்ளே இழுத்துக்கொண்டோம். பாசன நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 2 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். நீங்கள் 1.8-இல் நிற்கிறீர்கள். கொட்டகைத் தண்ணீர் 4 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பங்கு கிணற்று நீரில் ஒரு பங்கு கலந்தாலும் ஏறக்குறைய 2.2 வந்துவிடும். கிணறு 0.7 உள்ளவருக்கு அதே கலவை 1.25தான், அவர் கவலையில்லாமல் விடலாம். உங்கள் ஊரில் பத்துக்கு ஒன்று என்று கலந்தால்கூட 2-ஐ ஒட்டித்தான் நிற்கும். எனவே மேலுரமாக ஓரிரு தடவை மட்டும் விடுங்கள், மழைநீர் கிடைக்கும் நாள்களில் அதையே கலப்புக்குப் பயன்படுத்துங்கள், அறுவடைக்குப் பின் மண்ணைப் பரிசோதியுங்கள். தழைச்சத்தைப் பயிர் தின்றுவிடும், உப்பைத் தின்னாது.

உப்பைக் கொட்டகையிலேயே குறைக்கவும் வழி உண்டு. பால் கேன் கழுவும் சோடாத் தண்ணீரைத் தனி வாய்க்காலில் விடுங்கள். அதிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். குளம்பு நனைக்கும் மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலும் இதில் சேரக் கூடாது, தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும். பினாயில் ஊற்றிய அன்றைய தண்ணீரும் வேண்டாம். சாணத்தைத் தண்ணீர் பீய்ச்சித் தள்ளாமல் முதலில் வாரி எடுத்தால் தொட்டியில் கசடும் குறையும், கழுவும் தண்ணீரும் குறையும்.

கேள்வி: கொட்டகைத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடலாமா? சமைக்குமுன் நன்றாகக் கழுவிவிடுகிறோம்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கூடாது. பச்சையாக உண்ணும் பயிர்களுக்கான பாசன நீரில் 100 மில்லி லிட்டருக்கு மலக் கிருமி 1,000-ஐத் தாண்டக் கூடாது, குடற்புழு முட்டை லிட்டருக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வரம்பு வைத்தது. ஒரு கிராம் சாணத்திலேயே அந்தக் கிருமிகள் லட்சக்கணக்கில் இருக்கும். நீங்கள் சமைத்துத்தான் உண்பீர்கள், சரி. உங்களிடம் கொத்தமல்லி வாங்குபவர் அதைச் சட்னியில் பச்சையாக அரைப்பாரே?

கேள்வி: கோ-5 தீவனப்புல்லுக்குத் தினமும் கொட்டகைத் தண்ணீர்தான். வெயிலில் வாடிக் கிடந்த புல், ஒரு மழைக்குச் சட்டென்று எழுந்தது. மறுநாளே அறுத்துப் போட்டேன். ஒரு கிடேரி மூச்சிரைத்து விழுந்துவிட்டது. மருத்துவர் ஊசி போட்டுக் காப்பாற்றினார், 'நைட்ரேட்' என்றார். இனி இந்தப் புல்லே கூடாதா?
– வாசகர், திருநின்றவூர்

பதில்: புல் தாராளமாக வளர்க்கலாம், அறுக்கும் நாளை மாற்றுங்கள். வாடிய புல்லின் அடித்தண்டில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். மழை பெய்ததும் வேர் இன்னும் வேகமாக உறிஞ்சும். மேலே இலைக்கு அதைப் புரதமாக்க நேரம் போதாது. மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட் ஆகி ரத்தத்தில் கலந்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. ஈறு, கண்ணின் உள்சதை எல்லாம் பழுப்பேறும். ரத்தம் காப்பிக் கஷாய நிறத்தில் வரும். இந்த நிறத்தைப் பார்த்தால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மெத்திலின் புளூ ஊசிதான் மருந்து, அதுவும் நேரத்தோடு போட்டால்தான்.

மழைக்குப் பிறகு ஒரு வாரமாவது விட்டு அறுங்கள். அடியில் ஒரு சாண் விட்டு மேலே அறுங்கள். வெறும் வயிற்றோடு நிற்கும் மாட்டுக்கு முதலில் வைக்கோல், பிறகு புல். சினை மாட்டுக்குச் சந்தேகமான புல்லைக் காட்டவே வேண்டாம். காயவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். காய்ந்த புல்லிலும் நைட்ரேட் அப்படியே இருக்கும். காற்றுப் புகாமல் புளிக்கவைத்து ஊறுகாய்ப்புல்லாக்கினால் ஓரளவு குறையும். தினமும் தண்ணீர் விடுவதையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு அறுப்புக்கும் பின் ஒரு முறை, மறுபடி அறுப்புக்குப் பின்தான் என்று வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: கொட்டகைத் தண்ணீரைத் தெருவின் மழைநீர் வடிகாலில் விட்டால் அபராதம் என்கிறார்கள். வயலில் விட்டால் மட்டும் சட்டம் கேட்காதா?
– வாசகர், போரூர்

பதில்: கேட்கும். பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. (அழுக்கு மக்கும்போது நீரிலிருந்து இழுக்கும் பிராணவாயுவின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், நீர்நிலையில் விட்டால் 30-க்குள் என்பது மத்திய அரசின் பொது விதி. கழுவிய தண்ணீரை அப்படியே விட்டால் இரண்டு வரம்பையும் தாண்டிவிடும். சாண எரிவாயுக் கலனும் அதன்பின் ஒரு தெளிவுத் தொட்டியும் இருந்தால்தான் பேச்சு. வடிகாலில் விடுவதற்கு என்னிடம் ஆதரவு தேடாதீர்கள்.

கேள்வி: இந்தத் தண்ணீருக்குச் சொட்டுநீர்க் குழாய் போடலாமா?
– வாசகி, திருமழிசை

பதில்: வேண்டாம், சாண நார் ஒரே வாரத்தில் துளைகளை அடைத்துவிடும். வாய்க்காலிலேயே விடுங்கள், குழாய்க்கு வைத்த பணத்தில் இரண்டாவது தொட்டி கட்டுங்கள்.