கல்லாவில் குறைந்தால் யார் தலையில்?

கேள்வி: என் மகள் மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக்கடையில் கேஷியர். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஒருவன் 20 ரூபாய்க்குக் கைக்குட்டை வாங்கி 500 ரூபாய் நோட்டை நீட்டியிருக்கிறான். மீதி வாங்கியதும், "அட, சில்லறை இருக்கும்மா, நோட்டைக் கொடு" என்று குழப்பியதில் ராத்திரி கல்லாவில் 480 குறைந்தது. முதலாளி சம்பளத்தில் 1,000 பிடித்துவிட்டு, "பாடமா இருக்கட்டும்" என்கிறார். இது நியாயமா?
- ஒரு வாசகி, குத்தாலம்

பதில்: இல்லை அம்மா. நானும் திருவாரூரில் மளிகைக்கடை நடத்தியவன்தான், முதலாளிமார் கோபித்தாலும் சொல்கிறேன்.

முதலில் அவன் செய்ததைப் பாருங்கள். 480-ஐ எண்ணி வாங்கி இடது கையில் வைத்துக்கொள்வான். 20 ரூபாயை மேஜையில் வைத்து, 500-ஐத் திருப்பிக் கேட்பான். அவள் நோட்டை எடுக்கும் நேரம் பார்த்து, "இந்தத் துண்டு என்ன விலை? ஈரோடா, சென்னிமலையா?" என்று இழுப்பான். அவள் விலை சொல்லி முடிப்பதற்குள் நோட்டும் அவன் பைக்குள், 480-ம் அவன் பைக்குள். கணக்குத் தெரியாதவள் ஏமாறுகிற வித்தை இல்லை இது. பேச்சையும் பணத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டியவள்தான் ஏமாறுவாள்.

அப்படி அவளை வைத்தது யார்? குறுவை அறுத்த காசு, தீபாவளி, துலா ஸ்நானக் கூட்டம் எல்லாம் சேர்ந்து வருவது ஐப்பசியில்தான். அந்த மாதத்தில் பில் போடவும் பணம் வாங்கவும் பை கட்டவும் ஒரே பெண்ணா? இன்னொன்றும் கேட்கிறேன். ராத்திரி கல்லாவில் 50 ரூபாய் கூடுதலாக இருந்தால் அவள் வீட்டுக்கு எடுத்துப்போக முடியுமா? கூடினால் கடைக்கு, குறைந்தால் பெண்ணுக்கு என்றால் எப்படி?

சட்டத்தில் பிடித்தம் செய்ய இடம் உண்டு, மறைக்கவில்லை. 1936-ம் வருடத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் இருந்தது, 2019-ன் ஊதியத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் அவள் கவனக்குறைவால்தான் நேரடியாக நஷ்டம் வந்தது என்றிருக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்க வேண்டும். நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. "மீதிப் பணம் திரும்பி வராமல் நோட்டைக் கொடுக்காதே" என்று முன்பே சொல்லிவைத்து, அதை அவள் மீறியிருந்தால் அவள் பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்கும். அப்படிச் சொல்லிவைத்தார்களா என்று அவளிடம் கேளுங்கள்.

இனி மகள் செய்யவேண்டியது: நோட்டை வாங்கியதும் "ஐந்நூறு கொடுத்திருக்கீங்க" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். மீதி கொடுத்து முடியும்வரை நோட்டு கல்லாவுக்குள் போகவேண்டாம், மேஜைமேல் எடைக்கல்லுக்கு அடியில் இருக்கட்டும். எவனாவது நடுவில் கணக்கை மாற்றினால், "இருங்க, கல்லாவை எண்ணிட்டு வர்றேன்" என்றால் போதும். நல்லவர் நிற்பார். மற்றவன் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பான்.

கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் எடுத்துவைத்து போலீஸில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். நாம் நானூற்றிருபது என்று சொல்லிப் பழகியது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. அவனைப் பிடிப்பது கடைக்காரர் வேலை, உங்கள் மகள் வேலையில்லை.

முதலாளி மசியவில்லை என்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன்னால், கூடுதலாகப் பிடித்த 520-ஐ இந்த வாரமே கேளுங்கள். அதற்கு எந்த விசாரணையும் தேவையில்லை.