மஞ்சக் கொல்லையில நிறைய, மாந்தோப்புல ஒண்ணுகூட இல்லையே?

கேள்வி: மழைக்கு அப்புறம் எங்க மஞ்சக் கொல்லையில பழுப்பு கலர்ல, பின் றெக்கையில பெரிய வெள்ளைத் திட்டோட ஒரு பட்டாம்பூச்சி நிறைய சுத்துது. கிருஷ்ணகிரிகிட்ட அக்கா வீட்டு மாந்தோப்புல ஒண்ணுகூட கண்ல படல. ஏன்? மருந்து அடிக்கணுமா?
– வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: நீங்க சொல்ற அடையாளத்த வச்சு பாத்தா அது கிராஸ் டெமன், ஸ்கிப்பர்னு சொல்ற பட்டாம்பூச்சிக் குடும்பத்த சேர்ந்தது. தடிச்ச உடம்பு, நுனி கொக்கி மாதிரி வளைஞ்ச உணர்கொம்பு, விருட்டுனு தாவித் தாவி பறக்கும், அதனாலயே நிறைய பேர் அந்துப்பூச்சினு நினைச்சு விட்டுடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

இது மஞ்சள், இஞ்சி இலையிலதான் முட்டை வைக்கும், புழு இலை ஓரத்த மடிச்சு உள்ள ஒளிஞ்சுகிட்டு தின்னும். மாமரத்துல அதுக்கு என்ன வேலை? ஸ்கிப்பர்ங்க எல்லாத்துக்கும் இதே கணக்குதாங்க, வெயில் மழை மட்டும் ஒண்ணா இருந்தா பத்தாது, புழு திங்கற செடி இருக்கணும். அதான் ஒரு எடத்துல கூட்டமா இருக்கும், அடுத்த கொல்லையில சுத்தமா இருக்காது. இதே ஸ்கிப்பர் குடும்பத்துல, ரோட்டோர புங்க மரத்துல காமன் பேண்டட் ஆல், நெல்லு வயல்ல ரைஸ் ஸ்விஃப்ட், தென்னை ஈச்சமரம்னா பாம் பாப், தேன்கனிக்கோட்டை அஞ்செட்டி பக்கம் மூங்கில் நிழல்ல செஸ்ட்நட் பாப். காஞ்ச கரட்டுல துத்தி குடும்பத்து களைச்செடி இருந்தா தரையோட ஒட்டிப் பறக்கற புள்ளி போட்ட குட்டி இந்தியன் ஸ்கிப்பர், இத நம்ம மாவட்டத்துல தேட காட்டுக்கெல்லாம் போக வேணாம்.

அப்புறம், கண்ல படலன்னா இல்லைனு முடிவு பண்ணிடாதீங்க. தென்னையில வளர்ற ஜெயன்ட் ரெட் ஐங்கற ஸ்கிப்பர் பெரிய பூச்சிதான், ஆனா பொழுது சாயறப்ப பறக்கறதால பகல்ல தேடறவங்களுக்கு சிக்காது. எண்ணிப் பாக்க ஆசைன்னா ஒரே வழியில ஒரே நேரத்துல நடந்து எண்ணுங்க, மாசாமாசம் எழுதி வைங்க, கூடவே மடிஞ்ச இலையையும் எண்ணுங்க. பறக்கறத விட அதுதான் நம்பிக்கையான கணக்கு.

மருந்து வேணாங்க. மஞ்சளுக்கு இது பெரிய சேதம் பண்ற பூச்சி இல்ல, மடிப்பு ரொம்ப அதிகமா தெரிஞ்சா கையால பிரிச்சு புழுவ எடுத்துப் போட்டா போதும்.